கார்பன் நானோகுழாய்க்குப் பிடிமானம் எங்கிருந்து வருகிறது?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று இந்தக் கரையில் எங்கே இறங்கினாலும் ஏதாவது ஒரு பைபர் படகு கவிழ்ந்து கிடக்கும். பக்கத்தில் ரெசின் டப்பா, ஹார்ட்னர் பாட்டில், வெட்டிப்போட்ட மேட் துண்டுகள். பழுது பார்ப்பவர் ரெசினைத் தடவி, அதன்மேல் கண்ணாடி இழை மேட்டைப் படுக்கவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். சில வருஷங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவருடைய வள்ளத்தை அப்படிச் சரிசெய்து கடலில் இறக்கினார்கள். ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. அடிப்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது. மழைக்காலத்தில் ஈரம் வாங்கிய மேட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உரிந்த ஏட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேறொரு பட்டறைக்காரர் சொன்னார்: "நூலும் நல்ல நூலுதான் தம்பி, ரெசினும் நல்ல ரெசின்தான். ஒண்ணை ஒண்ணு பிடிக்கல, அவ்வளவுதான்."

கார்பன் நானோகுழாய்களைப் பற்றி இதுவரை நடந்திருக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. எஃகைவிடப் பல மடங்கு வலிமையான பொருள் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் அந்த வலிமை குழாய்க்குள்ளேயே கிடக்கிறது. அதை ஒரு படகுக்கோ பெயின்ட்டுக்கோ பேட்டரிக்கோ கொடுக்க வேண்டுமென்றால், குழாயின் மேல்பரப்பு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிமானத்துக்காகக் குழாயின்மேல் பாலிமர் சங்கிலிகளைக் கட்டுகிறார்கள், அல்லது சுற்றுகிறார்கள். பாலிமரைப் பள்ளிக்கூடத்தில் பலபடி என்று படித்திருப்போம். வலை பின்னும் நைலான், கடல்பாசியில் இருக்கும் அல்ஜினேட், வடிகஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து எல்லாமே சிறு மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த நீளச் சங்கிலிகள்தான்.

கண்ணாடி இழைக்கு இந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. கடைக்கு வரும் மேட்டில் உள்ள இழைகளுக்கு ஆலையிலேயே சிலேன் என்ற வேதிப்பொருளை மெல்லிசாகப் பூசி அனுப்புகிறார்கள். சிலேன் மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடியோடு சேரும், மறுமுனை ரெசினோடு சேரும். அது இல்லாவிட்டால் இழைக்கும் ரெசினுக்கும் நடுவில் தண்ணீர் நுழைந்து இரண்டையும் பிரித்துவிடும். கண்ணாடியின் மேல்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள் ஏராளம். சிலேனுக்குப் பிடிக்க இடம் இருக்கிறது. கார்பன் நானோகுழாயில் அப்படி எந்த இடமும் கிடையாது. கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

குழாயின் அமைப்பைப் பார்ப்போம். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட், அறுகோணக் கண்ணிகளாலான கார்பன் ஏடுகளின் அடுக்கு. அதில் ஒரே ஒரு ஏட்டை எடுத்துச் சுருட்டி, சேர்ந்த இடம் தெரியாமல் இணைத்தால் ஒற்றைச் சுவர் நானோகுழாய். விட்டம் சுமார் 1 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படிப் பல்லாயிரம் குழாய்களை வரிசையாக அடுக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக, 0.34 நானோமீட்டர் இடைவெளியில் பல குழாய்கள் செருகியிருந்தால் பலசுவர்க் குழாய். 1991-ல் ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் இருந்த சுமியோ இஜிமா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பலசுவர்க் குழாய்களைப் பார்த்து எழுதினார். உலகம் கவனித்தது அப்போதுதான். ஆனால் 1952-லேயே சோவியத் ஆய்வாளர்கள் இருவர் இதுபோன்ற கார்பன் குழாய்களின் படங்களை ரஷ்ய மொழி இதழில் வெளியிட்டிருந்தார்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993-ல் வந்தன. இஜிமாவின் குழுவும் அமெரிக்காவின் ஐபிஎம் குழுவும் தனித்தனியாக ஒரே நேரத்தில் அறிவித்தன.

வளையாமல் நிற்கும் விறைப்பில் எஃகு சுமார் 200 கிகாபாஸ்கல் (விறைப்பையும் இழுவலிமையையும் அளக்கும் அலகு). நானோகுழாய் சுமார் 1,000, அதாவது ஐந்து மடங்கு. எடையிலோ எஃகில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். இழுத்துப் பார்த்த சோதனை இதைவிடச் சுவாரஸ்யமானது. 2000-ல் அமெரிக்காவில் ஒரு குழுவினர் பலசுவர்க் குழாய்களை ஒவ்வொன்றாக இரண்டு முனையிலும் பிடித்து அறுந்துபோகும்வரை இழுத்தார்கள். 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை தாங்கியது. ஆனால் அறுந்தது வெளிச்சுவர் மட்டும். உள்ளே இருந்த குழாய்கள், உறையிலிருந்து வாளை உருவுவதுபோல, அறுபடாமல் வழுக்கி வெளியே வந்துவிட்டன. தன் சொந்த உடம்பின் சுவரையே பிடித்துக்கொள்ளாத ஒரு பொருள் ரெசினை எப்படிப் பிடிக்கும்?

வெளியாரைப் பிடிக்காது, ஆனால் ஒரே மாதிரிக் குழாய்கள் பக்கத்தில் வந்தால் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. வாண்டர்வால்ஸ் விசை என்று நாம் படித்த அந்தப் பலவீனமான இழுப்புதான் காரணம். ஒரு புள்ளியில் அது பலவீனம். குழாய் நெடுகக் கூட்டிப் பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு நானோமீட்டர் நீளத்துக்கும் சுமார் 0.5 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண வெப்பநிலையில் துகள்களுக்கு இருக்கும் துள்ளல் ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். ஒரு மைக்ரான், அதாவது 1,000 நானோமீட்டர் நீளத்துக்கு ஒட்டிக்கொண்ட இரண்டு குழாய்கள் தாமாகப் பிரிய வேண்டுமென்றால் அந்தத் துள்ளலைப்போல 20,000 மடங்கு வேண்டும். பிரியாது. அதனால் தண்ணீரிலோ ரெசினிலோ கொட்டினால் கரையாமல், நனைந்த சணல்போலத் திரிதிரியாகக் கிடக்கும்.

இப்படித் திரண்டுவிட்டால் இழப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு சொல்கிறேன். ஒற்றைச் சுவர்க் குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் ஒரு கிராமின் வெளிப்பரப்பு சுமார் 1,300 சதுர மீட்டர். நம் கணக்கில் 32 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரித்தூளில் வீடும் தோட்டமும் வைக்கும் அளவு பரப்பு இருக்கிறது. கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டால் அதில் பெரும்பகுதி உள்ளே மறைந்துபோகும். ரெசினுக்குள் அந்தக் கட்டு ஒரு பலமாக இருக்காது. சோற்றில் கல்போல, விரிசல் தொடங்கும் இடமாக இருக்கும். வலுவூட்டச் சேர்த்த பொருளே பொருளைக் கெடுக்கும். ஆரம்பகால ஆய்வுகளில் பலருக்கு ஏமாற்றம் தந்தது இதுதான்.

சரி, எப்படிப் பிரிப்பது, எப்படிப் பிடிமானம் கொடுப்பது? இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, குழாயின் சுவரிலேயே வேதிப்பிணைப்பு போட்டு பாலிமரைக் கட்டுவது. இன்னொன்று, குழாயைத் தொந்தரவு செய்யாமல் அதன்மேல் பாலிமரைச் சுற்றிவிடுவது.

முதல் வழி முரட்டு வழி. கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து, அதில் குழாய்களைப் போட்டு ஒலி அலைகளால் அதிரவைப்பார்கள். 1998-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழு இதைச் செய்து காட்டியது. அமிலம் குழாயைப் பலவீனமான இடங்களில் கடித்துத் துண்டாக்கும். கடித்த இடங்களிலும் வெட்டுப்பட்ட முனைகளிலும் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கும். வினிகரிலும் புளியிலும் இருக்கும் அதே அமிலத் தொகுதிதான். அது ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் அமீன் முனையோ ஆல்கஹால் முனையோ உள்ள எதையும் மாட்டலாம். அதே 1998-ல் கென்டக்கியில் இன்னொரு குழு நீளமான ஒரு கொழுப்பு அமீனை மாட்டி, குழாய்களை முதல்முறையாகக் கரிமக் கரைப்பான்களில் நன்றாகக் கரையவைத்தது. அப்புறம் பாலிமர்களை மாட்ட ஆரம்பித்தார்கள்.

மாட்டுவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. தயாராக இருக்கும் பாலிமர் சங்கிலியைக் கொண்டுவந்து குழாயில் கட்டலாம். சங்கிலி எவ்வளவு நீளம், எப்படிப்பட்டது என்பது முன்பே தெரியும் என்பது இதில் வசதி. ஆனால் முதலில் ஒட்டிய சங்கிலிகள் சுருண்டு பரந்து உட்கார்ந்து, பின்னால் வருபவற்றுக்கு இடம் விடாது. ஜன்னல் சீட்டில் துண்டு போட்ட மாதிரிதான். அதனால் அடர்த்தி குறைவு. இரண்டாவது விதத்தில், குழாயின் மேல் சிறிய தொடக்கி மூலக்கூறுகளை மட்டும் நட்டுவிட்டு, அவற்றிலிருந்து சங்கிலியை வளரவிடுகிறார்கள். சிறிய மூலக்கூறு என்பதால் நெருக்கமாக நடலாம். நாற்று நட்டு வளர்ப்பதுபோல எல்லாச் சங்கிலிகளும் ஒன்றாக உயரும். 1995-ல் மத்தியாஷெவ்ஸ்கியும் சவாமோட்டோவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த, உலோக வினையூக்கியால் சங்கிலி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறை இதற்குத் தோதாக அமைந்தது. 2004-ல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தினர் அந்த முறையில் பலசுவர்க் குழாய்களின்மேல் அக்ரிலிக் பாலிமரை வளர்த்து, மூலப்பொருளின் அளவைக் கூட்டிக் குறைத்தே உறையின் தடிமனை மாற்ற முடியும் என்று காட்டினார்கள். எனக்கு இந்த இரண்டாம் விதத்தில்தான் மனம் அதிகம் ஈடுபடுகிறது. உறை எவ்வளவு தடிமன் வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம் என்பது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குழாயின் ஒவ்வொரு கார்பனும் பக்கத்தில் உள்ள மூன்று கார்பன்களைக் கையால் பிடித்திருக்கிறது. நான்காவது கைக்கான எலக்ட்ரான் யாருக்கும் சொந்தமில்லாமல் குழாய் முழுக்க உலவுகிறது. மின்சாரம் கடத்துவது அந்த உலவும் எலக்ட்ரான்கள்தான். ஒரு பாலிமரைப் பிணைப்பு போட்டுக் கட்டினால், அந்த இடத்துக் கார்பன் தன் நான்காவது கையை அதற்குக் கொடுத்துவிடுகிறது. தட்டையாக இருந்த இடம் மேடு தட்டுகிறது. எலக்ட்ரான்களின் பாதையில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி. சில சதவீதக் கார்பன்கள் இப்படி மாறினாலே மின்கடத்தல் பெரிதும் விழுந்துவிடும். அமிலம் கடித்த குழாயின் பலமும் குறையும், நீளமும் குறையும். பிடிமானம் வேண்டி, எதற்காகப் பிடிக்க வந்தோமோ அதையே கொஞ்சம் இழக்கிறோம்.

அதனால்தான் சுற்றும் வழி பிறந்தது. 2001-ல் ரைஸ் குழுவே பாலிவினைல்பைரோலிடோன் என்ற பாலிமரைக் குழாய்மேல் சுற்றி, குழாய்களைத் தண்ணீரில் நிற்கவைத்தது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பொருள் நமக்குத் தெரிந்ததுதான்: காயத்துக்குப் போடும் பழுப்பு நிறப் பொவிடோன் அயோடின் மருந்தில் அயோடினைத் தாங்கி நிற்பது இதே பாலிமர். குழாயில் எந்தப் பிணைப்பும் போடவில்லை என்பதால் கரைப்பானை மாற்றினால் உறை கழன்றுவிடும், பழைய குழாய் அப்படியே கிடைக்கும். 2002-ல் ஜேம்ஸ் ஃப்ரேசர் ஸ்டோடார்ட் இருந்த குழு மாவுச்சத்தைக் கொண்டே இதைச் செய்தது. கஞ்சியில் அயோடின் விட்டால் நீலம் வரும் என்று பள்ளியில் செய்து பார்த்திருப்போம். மாவுச்சத்தின் அமைலோஸ் சங்கிலி சுருள்கம்பிபோல வளைந்து அயோடினை உள்ளே வைத்துக்கொள்வதால் வரும் நிறம் அது. அந்தச் சுருளுக்குத் தோழமையான இன்னொரு பொருள் நானோகுழாய். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை விட்டதும் உறை கரைந்து, குழாய்கள் மறுபடி அடியில் படிந்தன. அடுத்த ஆண்டு டிஎன்ஏ இழைகளைச் சுற்றியும் குழாய்களைப் பிரித்தார்கள்.

சுற்றிய உறை கழலும் என்பதுதான் இதன் நல்லதும் கெட்டதும். பாரம் தாங்க வேண்டிய இடத்தில், அதாவது ரெசினுக்குள் இழுவிசை குழாய்க்குப் போய்ச் சேர வேண்டிய இடத்தில், கழலும் உறை போதாது. அங்கே பிணைப்புதான் வேண்டும். மின்சாரம் ஓட வேண்டிய இடத்தில் பிணைப்பு கெடுதல். அங்கே சுற்றுவதுதான் சரி. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்கும் கேள்விக்கு அர்த்தமில்லை என்றே நினைக்கிறேன். எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும்.

பாலிமர் உண்மையிலேயே ஏறியதா, கட்டியதா, வெறுமனே பக்கத்தில் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்? நைட்ரஜன் சூழலில் மெதுவாகச் சூடேற்றி எடை பார்ப்பது ஒரு வழி. பாலிமர் சில நூறு டிகிரியில் சிதைந்து போய்விடும், குழாய் நிற்கும். குறைந்த எடைதான் உறையின் எடை. இன்னொரு வழி நம்மவர் கொடுத்தது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928-ல் கண்ட ஒளிச்சிதறல்தான் இன்று உலகெங்கும் நானோகுழாய் ஆய்வகங்களில் முதலில் போட்டுப் பார்க்கும் சோதனை. நலமாக உள்ள அறுகோண வலை, சிதறிய ஒளியின் அலைஎண் அளவுகோலில் (ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கு) 1,580-ஐ ஒட்டி ஒரு கோடு தரும். வலையில் எங்கெல்லாம் பிணைப்பு மாறியதோ அதற்கு 1,350-ஐ ஒட்டி இன்னொரு கோடு எழும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் போதும். பிணைத்துக் கட்டியிருந்தால் 1,350 கோடு உயரும். சுற்றி மட்டும் விட்டிருந்தால் அது ஏறாது.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல தண்ணீர் ஆய்வகத்தில். நம் கரைக்கு வந்தால் உப்பு இருக்கிறது.

வைகை வெள்ளம் எப்போதாவது ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை வரை போய்ப் பாக் நீரிணையில் சேரும். கலங்கலாக வரும் தண்ணீர், உப்புத் தண்ணீரைத் தொடும் இடத்தில் வண்டலைப் போட்டுவிடும். களிமண் துகள்கள் எல்லாவற்றிலும் எதிர்மின்சுமை இருப்பதால் நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கடல்நீரின் உப்பு அயனிகள் அந்தச் சுமையைச் சூழ்ந்து மறைத்துவிடும். தள்ளல் போனதும் துகள்கள் ஒட்டி, கனத்து, படிந்துவிடும். மிகச் சுத்தமான தண்ணீரில் இந்தத் தள்ளல் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தூரம்வரை எட்டும். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ள கடல்நீரில் அரை நானோமீட்டர்கூட எட்டாது. அமிலத்தில் கடிபட்டு, கார்பாக்சில் சுமையால் மட்டும் தண்ணீரில் நிற்கும் நானோகுழாய்க்கும் இதே கதிதான். ஒரு கைக் கடல்நீர் விட்டால் கறுப்பு மை தெளிந்து அடியில் திரியாகக் கிடக்கும்.

பாலிமர் உறை இங்கேதான் தன் அருமையைக் காட்டுகிறது. நீளச் சங்கிலிகள் குழாயிலிருந்து தண்ணீருக்குள் தூரிகைபோல நீண்டு நின்றால், இரண்டு குழாய்கள் நெருங்க முயலும்போது சங்கிலிகள் இடித்துக்கொள்ளும். இது மின்சுமையின் தள்ளல் அல்ல, இடநெருக்கடியின் தள்ளல். உப்பால் இதை மறைக்க முடியாது. தூரிகை போதுமான அடர்த்தியாகவும், தண்ணீரை விரும்புவதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடர்த்தி குறைந்தால் விளைவு தலைகீழ். ஒரே சங்கிலி இரண்டு குழாய்களைப் பாலம்போலப் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடும். கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் தண்ணீர் தெளிவது இப்படித்தான்: கொட்டையில் இருக்கும் பாலிமர் மண் துகள்களைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறது. பிரிக்கவும் பாலிமர், சேர்க்கவும் பாலிமர். அளவில் இருக்கிறது சூட்சுமம்.

2002-ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தினர் அரபுப் பிசினைக் கரைத்த தண்ணீரில் நானோகுழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிற்கவைத்தார்கள். அது ஆப்பிரிக்க வேலமரப் பிசின். நம் கண்மாய்க்கரையில் நிற்கும் நாட்டுக்கருவேலம் அதன் உறவுக்கார மரம். (மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கும் சீமைக்கருவேலம் வேறு இனம்.) விளக்குக் கரியை வேலம்பிசினில் குழைத்து எழுத்து மை செய்வது ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழக்கம். கரி படியாமல் மையில் நிற்பதும் நானோகுழாய் தண்ணீரில் நிற்பதும் ஒரே காரணத்தால்தான். பிசினின் ஒரு பகுதி கரியில் உட்கார்ந்துகொள்கிறது, இன்னொரு பகுதி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகும் பெண்களை இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் பாசியிலிருந்து அகர் வருகிறது. கட்டக்கோரையிலிருந்தும் பக்கோடாப் பாசியிலிருந்தும் அல்ஜினேட் வருகிறது. மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கராஜீனன். மூன்றும் பாலிமர்கள், மூன்றையும் கொண்டு நானோகுழாய்களைத் தண்ணீரில் பிரித்திருக்கிறார்கள். அல்ஜினேட் சங்கிலி நெடுக எதிர்மின்சுமை கொண்ட கார்பாக்சிலேட் தொகுதிகள் உண்டு. அமிலத்தில் போட்டுக் கடிக்கவைத்துப் பெற வேண்டிய கொக்கிகள் பாசியில் பிறப்பிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: அல்ஜினேட்டுக்குக் கால்சியம் பட்டால் உடனே கூழாக இறுகிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதனால் அல்ஜினேட் உறைபோட்ட குழாயை கடல்நீரில் மிதக்கவிட முடியாது. வேண்டுமென்றே இறுகவைத்து, நானோகுழாய் உள்ளே பொதிந்த கூழ் மணிகளோ நார்களோ செய்வதற்கு அது அருமையான பொருள்.

நண்டு ஓடும் இறால் ஓடும் இன்னொரு கதை. ஓட்டைச் சுத்தம் செய்து, காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். அல்ஜினேட்டுக்கு எதிராக, இதற்கு நேர்மின்சுமை. வினிகர் அளவு புளிப்பில் கரையும், புளிப்பு குறைந்தால் திரியும். ஆகவே கைட்டோசான் சுற்றிய குழாய்களை, தண்ணீரின் புளிப்பை மாற்றியே மிதக்கவும் விடலாம், படியவும் விடலாம். தண்ணீரிலிருந்து உலோகங்களையோ சாயத்தையோ பிடித்த பிறகு குழாய்களைத் திரும்ப எடுப்பதற்கு இந்தக் குணம் உதவும்.

இதைப் படித்துவிட்டு, நாளையே பாசிக்கு நானோ விலை கிடைக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. உறைக்குத் தேவைப்படும் பாலிமரின் அளவு மிகக் கொஞ்சம். தூய்மையோ மருந்துத் தரத்தில் இருக்க வேண்டும். நம் கரையிலிருந்து போவது மணலும் உப்பும் ஒட்டிய காய்ந்த பாசி. நடுவில் உள்ள சுத்திகரிப்பு இங்கேயே நடந்தால்தான் இந்த வேதியியல் கரைக்கு ஏதாவது தரும். மண்டபத்தில் பாசி ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, படித்த பிள்ளைகள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அதனால் ஆசைப்படுவதில் தவறில்லை.

உடனடிப் பயன் என்று பார்த்தால் என் கண் துருப் பக்கம்தான் போகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை நூறு வருஷத்துக்கு மேலாக உப்புக்காற்று அரித்தது; 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலோக்சேன் என்ற பாலிமர்ப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துரு ஆராய்ச்சிக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான். எஃகின்மேல் முதல் பூச்சாகப் பூசும் துத்தநாகப் பிரைமர், எஃகுக்குப் பதில் தான் கரைந்து காப்பாற்றுவது. அதற்குத் துத்தநாகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, எஃகோடு மின்தொடர்பில் இருக்க வேண்டும்; அதனால்தான் காய்ந்த பூச்சின் எடையில் பெரும்பகுதி துத்தநாகமாகவே இருக்கிறது. நடுநடுவே கொஞ்சம் நானோகுழாய்களைப் பாலமாகப் போட்டால் குறைந்த துத்தநாகத்திலேயே தொடர்பு கிடைக்கும். இதற்குச் சுற்றிய உறைதான் ஏற்றது, பிணைத்த உறை அல்ல. மின்சாரம் ஓட வேண்டுமே.

ஆனால் கார்பன் எஃகுக்கு நல்ல நண்பன் அல்ல. உப்புத் தண்ணீரில் கிராஃபைட்டும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் அரிபடும். துத்தநாகம் தீர்ந்துபோன பிறகோ, துத்தநாகமே இல்லாத பூச்சிலோ, திரண்டு கிடக்கும் குழாய்கள் கீறல் பட்ட இடத்தில் அரிப்பை வேகப்படுத்தலாம். நன்றாகப் பிரிந்து, உறையோடு, சரியான அளவில் இருக்கும் குழாய்களே உதவும். நானோ என்ற வார்த்தையை டப்பாவில் அச்சடித்து விற்கும் பெயின்ட்டை வாங்கும் முன், அதில் எது எவ்வளவு இருக்கிறது, உப்புத் தெளிப்புச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேட்க வேண்டும்.

படகுக்கு வருவோம். 2010-ல் அமெரிக்காவில் ஸைவெக்ஸ் என்ற நிறுவனம் நானோகுழாய் கலந்த ரெசினும் கார்பன் இழையும் கொண்டு 54 அடி நீளத்தில் ஆளில்லாப் படகு ஒன்றைக் கட்டிக் காட்டியது. எடை குறைந்த, வெகுதூரம் போகும் படகு. நம் வள்ளங்களுக்கு அது இன்று தேவையில்லை. இங்கே படகு போவது இழையில் பலம் இல்லாமல் அல்ல; ஈர மேட்டாலும், அளவு தவறிய ஹார்ட்னராலும், குமிழி விட்ட ஒட்டாலும்தான். நானோகுழாய் இன்று உண்மையில் வேலை செய்யும் இடங்கள் வேறு. போனிலும் மின்வண்டியிலும் உள்ள லித்தியம் பேட்டரிக்குள் மின்சாரப் பாதை போடுகிறது. காரின் எரிபொருள் குழாய்களில் நைலானுடன் கலந்து, நிலைமின்சாரம் சேராமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டிலுமே நூற்றுக்குச் சில பங்குதான் சேர்க்கிறார்கள். அவ்வளவு குறைவான குழாய் போதும் என்றால், அது நன்றாகப் பிரிந்து பரவியிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒன்று, பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்காக. கண்ணாடி இழையை மூக்கில் துணிகூடக் கட்டாமல் கிரைண்டர் போடுவதை நான் தினமும் பார்க்கிறேன். காய்ந்த நானோகுழாய்த் தூள் அதைவிட மோசம். நீளமான, விறைப்பான பலசுவர்க் குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார்போன்ற பாதிப்பை உண்டாக்கியதை 2008-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 2014-ல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு குறிப்பிட்ட வகைப் பலசுவர்க் குழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்கு முடிவு சொல்லும் அளவு சான்று இல்லை என்றது. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். குட்டையான, பாலிமர் உறை போட்ட, தனித்தனியாகப் பிரிந்த குழாய்கள் பொதுவாக ஆபத்து குறைந்தவை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் கடினமான ரெசினைத் தேய்க்கும்போது என்ன பறக்கிறது என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

அதனால் இந்தப் பொருள் என்றைக்காவது நம் பட்டறைக்கு வந்தால் தூளாக வரக் கூடாது. ஆலையிலேயே உறை போட்டு, ரெசினில் முழுக்க நனைத்து, தார்போல் கெட்டியான கறுப்புக் குழம்பாக டப்பாவில் வர வேண்டும். அப்படி விற்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. டப்பாவைத் திறந்து, கரண்டியால் அளந்து ரெசினில் கலக்கும்போது தூசி எழாது. மேட்டை மட்டும் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.